களவு போன வீட்டுக்கே திரும்பும் களவு: கிர்க்ஹோல்ட் குடியிருப்பும் நம் வீட்டு நிலைக்கதவும்

திருட்டு நடந்த வீட்டில் மறுநாள் யாராவது ஒருவர் ஆறுதலுக்குச் சொல்வார்: "எடுக்க வேண்டியதை எடுத்துட்டுப் போயிட்டான், இனிமே இங்க எதுக்கு வரப்போறான்." அந்த நம்பிக்கையில் உடைந்த கதவுக்கு ஒரு பலகையை அடித்து, தச்சருக்குச் சொல்லிவிட்டு, வீட்டார் நாலு நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீடு அதிகம் ஆபத்தில் இருப்பது அந்த நாலு நாளில்தான். திருட்டு நடந்த வீட்டுக்கே மறுபடி ஆபத்து அதிகம் என்பதை எண்ணிக்கையோடு காட்டியது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ராச்டேல் நகரத்தில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. நம் வீட்டைப் பாதுகாக்க நினைக்கும் எவரும் அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிர்க்ஹோல்டில் நடந்தது

நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு அது. சுமார் 2,280 வீடுகள், பெரும்பாலும் எளிய குடும்பங்கள். 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். 1986-87இல் மட்டும் 526 திருட்டுகள் பதிவாயின; சராசரியாக ஒவ்வொரு நாலு வீட்டுக்கும் ஒன்று. உள்துறை, காவல்துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து இதை ஆராய்ந்தன. குற்றவியல் அறிஞர் கென் பீஸ் அந்தக் குழுவில் முக்கியமானவர்.

அவர்கள் பூட்டு வாங்குவதில் தொடங்கவில்லை. திருட்டுக் கொடுத்தவர்களிடமும், அவர்களின் பக்கத்து வீட்டாரிடமும், பிடிபட்ட திருடர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். எந்த வழியாக நுழைந்தான், எதை எடுத்தான், யார் கண்ணில் பட்டிருக்க முடியும் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன.

முதலாவது, காசு மீட்டர். அந்த வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் நாணயம் போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் இருந்தது. வீட்டுக்காரர் போடப் போட, ஒரு சின்னத் தகரப் பெட்டியில் காசு சேர்ந்துகொண்டே இருக்கும். நிறுவனத்து ஆள் வந்து எடுக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். திருடனுக்கு இதைவிட வசதி இல்லை. டிவியைத் தூக்கினால் விற்க ஆள் தேட வேண்டும். நாணயத்துக்கு அந்தச் சிரமம் கிடையாது. எந்த வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியதும் இல்லை. அங்கே நடந்த திருட்டுகளில் ஏறக்குறைய பாதியில் மீட்டர் காசு போயிருந்தது. ஒரு முறை காலி செய்த பெட்டி சில வாரங்களில் மறுபடி நிறையும் என்பது திருடனுக்கும் தெரியும்.

இரண்டாவது, மறுதிருட்டு. ஒரு முறை திருடப்பட்ட வீட்டுக்கு, திருடப்படாத வீட்டைவிட ஏறத்தாழ நாலு மடங்கு ஆபத்து இருந்தது.

இந்த இரண்டையும் வைத்துத் திட்டம் போட்டார்கள். 2,280 வீட்டுக்கும் பூட்டு மாற்றப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் திருட்டு நடந்த வீட்டுக்கு உடனே போய், அந்த வீட்டில் எந்த வழி பலவீனமாக இருந்ததோ அதைப் பலப்படுத்தினார்கள். காசு மீட்டரைக் கழற்றி வேறு வகை மீட்டர் பொருத்தினார்கள். பொருள்களில் அடையாளம் பொறித்தார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரைப் போய்ப் பார்த்து, இந்த வீட்டின் மேல் ஒரு கண் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுவைச் சுற்றிக் கூடு இருப்பதுபோல் என்று அதற்குக் 'கூடு' என்றே பெயர் வைத்தார்கள்.

1987 மார்ச்சில் வேலை தொடங்கியது. 526 ஆக இருந்த திருட்டு அடுத்த ஆண்டில் 223 ஆனது, 1989-90இல் 132. முதல் ஏழு மாதத்துக்குள் மறுதிருட்டு சுழியத்துக்கு வந்தது. இங்கே விரட்டினால் பக்கத்துப் பகுதிக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தது. அப்படி நடந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை.

பின்னால் வேறு ஊர்கள் இதைப் பார்த்துச் செய்தபோது எல்லா இடத்திலும் இதே பலன் வரவில்லை. அந்த ஊரின் காசு மீட்டர் எது என்று கேட்காமல் பூட்டையும் கண்காணிப்புக் குழுவையும் மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கேள்வி வேண்டும்.

ஏன் அதே வீடு, எத்தனை நாள்?

முதல் முறை வந்தவனுக்கு வீட்டின் உள்ளமைப்பு தெரிந்துவிட்டது. பீரோ எந்த அறையில், நாய் உண்டா, கொல்லைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியுமா என்பதெல்லாம் அவன் மனதில் பதிந்திருக்கும். தூக்க முடியாமல் விட்டுப்போன வெள்ளிக் குத்துவிளக்கும் நினைவிருக்கும். உடைத்த கதவு இன்னும் சரியாகவில்லை என்று அவன் ஊகிப்பதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

கனடாவின் சாஸ்கடூன் நகரத்தில் நடந்த ஆய்வில், திருட்டு நடந்த ஒரு மாதத்துக்குள் அதே வீட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு இயல்பைவிட 12 மடங்குக்கு மேல் இருந்தது. அந்த மாதத்துக்குள் நடந்த மறுதிருட்டுகளில் பாதி முதல் ஏழு நாளிலேயே நடந்தன. நாள் போகப் போக ஆபத்து குறைந்து பழைய அளவுக்கு வருகிறது. ஆகவே திருட்டு நடந்த நாளிலிருந்து ஏழு நாள் மிக அவசரம். ஆறு வாரம் முழு எச்சரிக்கை. பணமும் ஆள்பலமும் குறைவாக இருந்தால் இந்த நாள்களுக்குள் செலவழியுங்கள்.

முதல் நாள்

வீடு திறந்து கிடப்பதைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கலாம். தெருவுக்கு வந்து 112 அல்லது 100க்கு அழையுங்கள். காவலர் வந்து, கைரேகைப் பிரிவினர் பார்த்து முடிக்கும்வரை பீரோ கதவு, ஜன்னல் கண்ணாடி, அவன் கையிலெடுத்துப் போட்ட எவர்சில்வர் டப்பா எதையும் தொட வேண்டாம். வழவழப்பான உலோகத்திலும் கண்ணாடியிலும்தான் ரேகை நன்றாகக் கிடைக்கும்; "வீடு இப்படிக் கிடக்கே" என்று மனம் பொறுக்காமல் அடுக்கி வைக்கும்போது அது அழிந்துவிடுகிறது.

வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 331, 305 பிரிவுகளில் பதிவாகும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். நகைப் பட்டியலில் "செயின் 3 பவுன்" என்று மட்டும் எழுதினால் மீட்ட நகைக் குவியலில் உங்களுடையதை அடையாளம் காட்ட முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளம் பொறிக்கப்பட்டே விற்கப்படுகிறது. அது ரசீதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நகைக்கு அது இருக்காது. ஒவ்வொன்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, எடையைக் கிராமில் எழுதி, படத்தை வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் சேமித்து வையுங்கள். இதைத் திருட்டு நடக்கும் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அன்று இரவுக்குள் கதவு மூட வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டை உடைந்த இடத்தின் மேல் வைத்து, 8 மி.மீ. போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே செலுத்தி, பெரிய வாஷர் போட்டு நட்டை உட்பக்கம் முறுக்குங்கள். போல்ட்டின் தலை உருண்டையாக இருக்க வேண்டும், ஸ்பேனர் பிடிக்காது. ஆணி அடித்த பலகை கடப்பாரைக்கு ஒரு நெம்பு கூடத் தாங்காது. சாவிக்கொத்து காணாமல் போயிருந்தால் அன்றே எல்லாப் பூட்டையும் மாற்றுங்கள்.

கதவு எப்படித் தோற்கிறது

பூட்டின் விலையைப் பார்த்து வாங்கியவர்கள் அதிர்ந்துபோகும் இடம் இது. உடைத்த வீடுகளில் போய்ப் பார்த்தால், பல நேரம் பூட்டு முழுசாகக் கொண்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கொண்டியும் நாதாங்கியும் மரத்தோடு பெயர்ந்து வந்திருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முக்கால் அங்குலம் நீளம், மரைக்குள் மரத்தூள் ஒட்டியிருக்கும், நுனி பளபளவென்று வளையாமல் இருக்கும். 2,000 ரூபாய்ப் பூட்டைப் பிடித்திருந்தது அந்த நாலு ஸ்க்ரூ.

நாதாங்கிக்கும் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டுக்கும் இரண்டரை அங்குல ஸ்க்ரூ போடுங்கள். முதலில் 3 மி.மீ. துளை போட்டுக்கொள்ள வேண்டும். நேரடியாக முறுக்கினால் காய்ந்த நிலைச்சட்டம் நீளவாக்கில் பிளந்துவிடும். பிளந்த நிலையில் எதைப் போட்டாலும் நிற்காது. ஏற்கனவே பிளந்திருந்தால் 40 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம், 2 அடி நீளமுள்ள இரும்புப் பட்டையைப் பூட்டு வரும் உயரத்தை நடுவாக வைத்து நிலையோடு சேர்த்துப் பொருத்துங்கள். நாக்கு நுழையும் துளையைப் பட்டையிலேயே வெட்டிவிட்டால், உதைக்கும் விசை ஒரே இடத்தில் விழாமல் 2 அடிக்கும் பரவும்.

அடுத்தது நிலைக்கும் சுவருக்கும் உள்ள பிடிப்பு. பக்கத்துக்கு மூன்று ஹோல்டுபாஸ்ட், அதாவது நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை, சுவருக்குள் இருக்க வேண்டும். அவசர வேலையில் ஒன்றோடு நிறுத்திவிட்டு இடைவெளியில் சிமென்ட் கலவையைப் பூசிவிடுகிறார்கள். கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினால் நிலை கொஞ்சம் வளையும். அந்த வளைவு போதும், பூட்டின் நாக்கு குழியிலிருந்து வெளியே வந்துவிடும். கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. நாக்கு குறைந்தது 20 மி.மீ. உள்ளே போக வேண்டும். சும்மா சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் சரிவு நாக்கை மட்டும் நம்பாதீர்கள். சாவியைத் திருப்பினால் வெளிவரும் சதுர நாக்குதான் காப்பு.

வெளியே தொங்கும் பூட்டு இன்னொரு வகையிலும் கெடுதல். வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்கிறது. கதவுக்குள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டு இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் 30 மி.மீ. ஃப்ளஷ் கதவில் அதற்காகக் குடையும்போது இரண்டு பக்கமும் மெல்லிய தகடு மட்டுமே மிஞ்சும். பூட்டே பலவீனத்தைக் கொண்டுவரும். கதவு 35 மி.மீ. திட மரமாக இருக்க வேண்டும், அல்லது பூட்டின் இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட வேண்டும். பூட்டில் சாவி தூக்கிவிடும் உள்தகடுகள், அதாவது லீவர்கள், 6க்குக் குறையாமல் பாருங்கள்.

பழைய வீடுகளின் இரட்டைக் கதவு பார்க்க எவ்வளவு அழகோ, நெம்புவதற்கு அவ்வளவு இலகு. பூட்டு ஒரு கதவை இன்னொரு கதவோடுதான் பிணைக்கிறது. அந்த இன்னொரு கதவைப் பிடித்திருப்பது மேலும் கீழும் உள்ள 6 அங்குலத் தாழ்ப்பாள்கள். அவற்றை 12 அங்குலத் தாழ்ப்பாளாக மாற்றுங்கள். கீழே தரையில் ஒரு அங்குல ஆழத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு பதியுங்கள். அந்தக் குழியில் தூசியும் கோலமாவும் அடைந்து தாழ்ப்பாள் பாதியில் நிற்பது சாதாரணமாக நடக்கும். வாரம் ஒரு முறை குத்திவிட வேண்டும்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கீல் வெளியே தெரியும், அதன் ஊசியைத் தட்டி எடுக்கலாம். கீல் பக்கத்து விளிம்பில் மேலொன்று கீழொன்றாக 12 மி.மீ. இரும்பு முளை பதித்து, கதவு சாத்தும்போது அது நிலையிலுள்ள துளைக்குள் போகும்படி செய்துவிட்டால் ஊசியை எடுத்தாலும் கதவு வராது.

பின்பக்கம், மாடி, ஜன்னல்

வாசல் கதவுக்குத் தேக்கும், கொல்லைக் கதவுக்குத் தகரமும் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தெருவில் யாரும் பார்க்காத பக்கம்தான் திருடனுக்கு நேரம் கிடைக்கும் பக்கம், அதனால் இந்த வரிசை தலைகீழ். கொல்லைக் கதவுக்குக் குறுக்குக் கட்டை மிகச் சிறந்தது: 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், சுவரில் பதித்த இரண்டு கொக்கிக்குள் உட்கார வேண்டும். கொக்கியின் போல்ட்டைச் செங்கல்லின் நடுவில் இறக்குங்கள். இரண்டு செங்கல்லுக்கு இடையிலுள்ள கலவையில் இறங்கினால் இழுத்தவுடன் கையோடு வரும்.

மாடிக் கதவு அடுத்த பலவீனம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டி வந்தவனுக்கு, மாடிப்படிக்கு மேலுள்ள ஹெட்ரூமின் மறைவில் நின்று யார் கண்ணிலும் படாமல் வேலை பார்க்க இடம் கிடைக்கிறது. இங்கே இரும்புத் தகட்டுக் கதவு போட்டு, தாழ்ப்பாளை உட்பக்கம் வையுங்கள். ஏணியை மொட்டை மாடியிலோ காம்பவுண்டு ஓரத்திலோ விட்டு வைக்காதீர்கள். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். உங்கள் கடப்பாரையாலேயே உங்கள் கதவு உடையக் கூடாது.

ஜன்னல் கிரில்லைத் திருப்புளியால் கழற்றிவிட முடியுமா என்று ஒரு முறை வெளியே நின்று பாருங்கள். ஸ்க்ரூத் தலை வெளிப்பக்கம் தெரிந்தால் ஒரு பொட்டு வெல்டு வைத்துவிடுங்கள். கம்பி 12 மி.மீ. சதுரம், இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும். குளியலறை வென்டிலேட்டரின் லூவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம். உட்பக்கம் கிரில் இல்லாத வென்டிலேட்டர் திறந்த வழிதான்.

இவ்வளவு இரும்பு போடும்போது தீயை மறக்காதீர்கள். படுக்கையறைப் பக்கம் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி வேண்டும். அதன் சாவி ஜன்னலிலிருந்து கை எட்டாத, ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ஒரே ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். சாவி தேடி வீட்டார் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் காப்பு எந்த நகைக்கும் ஈடாகாது.

கேமரா விஷயம் சுருக்கமாக: முகம் தெரிய வேண்டுமென்றால் உச்சியில் வைத்துப் பயனில்லை, தலையும் தொப்பியும்தான் பதியும். வாசல் கேமராவில் ஒன்றாவது முகத்தின் மட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள்; பரணில் மறைத்து வையுங்கள், நகல் இணையத்திலும் சேரட்டும்.

நம் வீட்டுக் காசு மீட்டர்

கிர்க்ஹோல்டில் தகரப் பெட்டி. நம் வீட்டில் பீரோ. எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும், உள்ளே நுழைந்தவன் முதலில் போவது படுக்கையறைப் பீரோவுக்கு. அதன் தகடு ஒரு மி.மீ. கனம் இருந்தால் அதிகம். சாவி மேல் தட்டிலோ, மடித்த புடவைக்கடியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். இந்த மூன்று இடமும் அவனுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் போடும் நகை ஆண்டில் பத்து நாள்தான் வெளியே வரும். மீதி நாளுக்கு அது வங்கி லாக்கரில் இருப்பதே சரி. வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நகையின் முழு மதிப்புக்கும் அது ஈடல்ல. ஆனாலும் ஒரு மி.மீ. தகட்டைவிட நூறு மடங்கு மேல். ஆபத்தான நேரம் எதுவென்றால், விசேஷத்துக்காக எடுத்து வந்து திருப்பி வைக்காமல் இழுத்தடிக்கும் அந்த ஒரு வாரம். வீட்டிலேயே சிறு பெட்டகம் வைப்பதானால் நாலு 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் தளத்தோடு இறுக்குங்கள். இறுக்காத 30 கிலோ பெட்டகத்தை இரண்டு பேர் போர்வையில் சுற்றித் தூக்கிப் போய் நிதானமாக உடைப்பார்கள்.

ஆறு வீடு

கிர்க்ஹோல்ட் நமக்குத் தந்ததில் செலவே இல்லாதது இதுதான். முழுத் தெருவையும் சேர்த்து 200 பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று எழுதினால் அதைத் தன் வேலையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் வாசலும் கொல்லையும் மாடியும் யார் யார் வீட்டிலிருந்து தெரிகிறது என்று பார்த்து, அந்த ஐந்தாறு வீட்டுக்கு நேரில் போங்கள். எதிர்வீட்டு அக்காவிடம், "அக்கா, திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாங்க இல்ல. யாரும் வீட்டுக்கு வரப்போறதில்ல. ராத்திரி சத்தம் கேட்டாலோ கேட் திறந்திருந்தாலோ இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லுங்கள். 'யாரும் வரப்போவதில்லை' என்ற வார்த்தை முக்கியம். பகலில் ஒருவன் சாவகாசமாகக் கேட்டைத் திறந்தால் சொந்தக்காரர் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் வழக்கம்.

பால் பாக்கெட், செய்தித்தாளை நிறுத்தி வையுங்கள். நாலு நாள் கோலம் விழாத வாசலும் ஒரு தகவல்தான். பெருக்குகிற அம்மாவிடம் வாசல் தெளிக்கவும் சொல்லிவிட்டுப் போகலாம். பகலிலும் எரியும் ஒற்றை விளக்கு வீடு காலி என்பதற்கு அடையாளம், அதற்குப் பதில் மாலை 6.30க்கு எரிந்து இரவு 10.30க்கு அணையும் டைமர் வாங்குங்கள். காவல் நிலையத்தில் முகவரியும் தேதியும் எழுதிக் கொடுத்தால் இரவு ரோந்தில் பார்த்துக்கொள்ளக் கேட்கலாம்.

சத்தம் கேட்டுத் தனியாகப் போய்ப் பிடிக்க வேண்டாம் என்று அந்த ஆறு வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விளக்கைப் போடுவது, சத்தம் கொடுப்பது, 112க்கு அழைப்பது, அவ்வளவே அவர்கள் வேலை. வீட்டுக்குள் நீங்கள் இருக்கும்போதே ஒருவன் நுழைந்தால் உங்களுக்கும் அதேதான்: எல்லோரும் ஒரே அறைக்குள் போய், உள்தாழ்ப்பாள் போட்டு, போன் செய்யுங்கள். அந்த அறை எது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி, அதன் கதவிலும் இரண்டரை அங்குல ஸ்க்ரூ போட்டு வையுங்கள். வெளியேறும் வழியை அவனுக்கு மறிக்காதீர்கள்.

திருட்டு உங்கள் வீட்டில் நடக்காமல் பக்கத்து வீட்டில் நடந்திருந்தாலும் இந்தக் கணக்கு உங்களைத் தொடுகிறது. ஒரு வீட்டில் திருட்டு நடந்தபின் ஓரிரு மாதத்துக்கு அதைச் சுற்றி 400 மீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கும் ஆபத்து கூடுவதை இங்கிலாந்தின் மெர்சிசைடில் நடந்த ஆய்வு காட்டியது. ஒரே மாதிரி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றின் கொல்லைக் கதவு பெயர்ந்துவிட்டதென்றால், மற்றவற்றிலும் அதே தகரம், அதே முக்கால் அங்குல ஸ்க்ரூதான் இருக்கும். அடுத்த வீட்டாரைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பியதும், திருப்புளியை எடுத்து உங்கள் நாதாங்கியின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி நீளத்தைப் பாருங்கள்.